கரைப்பாடை

அட்டையின் முதல் வரியில் சொல்.
இரண்டாவதில் பொருள்: இன்ன குப்பத்தார் பேசும் பேச்சு.
மூன்றாவது வரி, பிறப்பு.
அதை நிரப்பத்தான்
கடலூர் முதுநகரில் பஸ் இறங்கி
ஏலக்கூடத்துக்கு வந்து நின்றேன்,
விடியாத ஐந்தரைக்கு, கொண்டையில் பென்சிலைச் செருகி.

அகராதி ஆபீசில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.
பாடை என்றால் பாஷை.
பதினெண் பாடை என்று பழம் ஏட்டில் வருமே, அது.
கரையில் பேசுவது கரைப்பாடை.
சாந்தமூர்த்தி சார் சிவப்பு மையில் டிக் அடித்துவிட்டு
"எதுக்கும் சும்மா ஒரு தடவை
கேட்டுட்டு வந்துடுங்க" என்றார்.

சும்மா கேட்டேன்.

அஞ்சலாட்சி சங்கரா மீன் கூடையை
முழங்காலால் தள்ளியபடி, திரும்பாமலே சொன்னாள்:
"பாடையாவது கூடையாவது.
அது பாடும்மா, பாடு. மீன்பாடு.
வாடைக்காத்து அடிச்சா ஒருத்தனும் கடலுக்குப் போவ மாட்டான்.
கவுத்த படகுக்கு நெழல்ல குந்திக்கினு
வாயால வலை போடுவானுவ.
கரையிலயே புடிக்கிற பாடு, கரைப்பாடு.
காதுல தண்ணி பூந்த எவனோ
கடைசியில இழுத்துட்டான்."
அதே மூச்சில் கூடைக்கு விலை ஏறியது,
நானூறு, நானூத்தி இருவது.
நான் அவள் விலையையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

"அவ சொல்றத எழுதாதீங்க"
என்று கூப்பிட்டான் டீசல் குழாயைப் பிடித்திருந்த தேசிங்கு.
"ஒரு ஐப்பசியில ஒரு ஒடம்பு ஒதுங்கிச்சி.
எங்க குப்பத்துக்கும் அந்தக் குப்பத்துக்கும்
நட்ட நடுவுல.
மொகத்த மீனு தின்னுட்டுது.
உசுரு இருந்தா ஒரு வார்த்த பேச விட்டுப் பாத்திருப்போம்.
அங்காண்டன்னா நம்மாளு.
அந்தாண்டன்னா அவனுவ ஆளு.
பொணம் என்னாத்தப் பேசும்?
ரெண்டு ஊரும் ஆளுக்கொரு பாடை கட்டி எடுத்தாந்து
கரையில நின்னுச்சிங்க.
ஒரு ஆளு, ரெண்டு பாடை.
அதுலேர்ந்துதான் அந்தப் பேரு."

யார் தூக்கிப்போனது என்று கேட்டேன்.
அவன் டேங்க்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நுரை பொங்கி அடங்கியது.
"அதுல இன்னும் தகராறு இருக்கு."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.
உங்கள் பேச்சுக்கு நீங்களே இப்படியா பேர் சொல்வீர்கள்?
ஐஸ் உடைப்பவன்கூடக் கட்டையை நிறுத்திச் சிரித்தான்.
"எங்களுது பேச்சும்மா. வெறும் பேச்சு.
கரைப்பாடை பேசுறவன் அதோ, அந்தக் குப்பத்தான்."
விரல் வடக்கே நீண்டது.

வடக்கே நடந்தேன்.
மாரியம்மன் கொடிமரத்தடியில் நரம்பு வலை பிரித்துக்கொண்டிருந்த
தனபூஷணத்திடம் அட்டையைக் காட்டினேன்.
படித்தான். பல்லிடுக்கில் நூலோடு
தெற்கே விரல் நீட்டினான்.
"அத அவனுவகிட்டப் போயி கேளுங்க.
நாங்க பேசுறது சாதாரணமா மனுசன் பேசுறது."

இரண்டு விரலுக்கும் நடுவே
முந்நூறு அடி மணல்.
வீடில்லை, படகில்லை.
யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடத்தில்
நண்டுகள் வளை தோண்டி மணலை உருட்டி வைத்திருந்தன,
உருண்டை உருண்டையாக,
இன்னும் யாரும் கோக்காத எழுத்துகள் மாதிரி.
சொல் இங்கேதான் குடியிருக்கிறது.
இரண்டு பக்கத்திலிருந்தும் இதன் மேல்தான்
வீசி எறிகிறார்கள்.

பஸ்ஸில் அட்டையை மடியில் வைத்துப் பார்த்தேன்.
பாஷை இருந்தது, பாடு இருந்தது.
மூன்றாவதை எழுத அந்த வரியில் இடமில்லை.
திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்:
பாடை ஒன்று மீதி.

மறுநாள் சாந்தமூர்த்தி சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு
முன்னும் பின்னும் புரட்டினார்.
சிவப்பு டிக் அப்படியே இருந்தது.
"என்னம்மா இது, முடிஞ்ச வார்த்தைதானே?"

"அதுல இன்னும் தகராறு இருக்கு சார்" என்றேன்.
கடைசியில் கொஞ்சம் இழுத்துவிட்டேன் போல.
அவர் நிமிர்ந்து பார்த்தார்,
எந்த ஊர்க்காரி என்று.